தெற்கே போன வடக்கொளி

ஹாவ்னெஸ்,
மே 24

அன்புள்ள ரூனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் பூனையும் சுகம், பூனை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். நீ நன்றாக இருப்பதாக உன் அப்பா தொலைபேசியில் சொன்னார், ஆனால் அதை நீயே சொல்லிக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மணி பதினொன்றரை ஆகிறது, சூரியன் மீன் கொட்டகையின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கைப்பேசியில் எழுதினால் எழுதி எழுதி அழித்துவிடுகிறேன், அதனால்தான் தாளை எடுத்தேன். இதில் அடித்தாலும் அடித்தது தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஊரில் விசேஷம் அதிகம் இல்லை. பக்கத்து வீட்டு தோர்லைஃப் படகுக்கு மறுபடியும் அதே நீலத்தை அடித்துவிட்டுப் புது நிறம் என்று சாதிக்கிறார். கடற்பறவை முட்டை ஆறு கொண்டுவந்து கொடுத்தார், உனக்குப் பிடிக்குமே என்று இரண்டை எடுத்து வைத்தேன், நீ தெற்கே ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பது நாலாம் நாள்தான் உறைத்தது, நானே அவித்துத் தின்றேன். பதினேழாம் தேதி தேசிய நாள் கொடி ஊர்வலத்தில் வழக்கம்போல் குளிர், வழக்கம்போல் ஊதுகுழல்காரர்கள் சுருதி விலகி ஊதினார்கள். ரூனா வரவில்லையா என்று பதினான்கு பேர் கேட்டார்கள். பரீட்சை என்று சொன்னேன். பரீட்சைதானே? மே வந்துவிட்டது, குளிர்காலம் முடிந்ததென்று மீன் எண்ணெயை நிறுத்தியிருப்பாய், இன்னும் ஒரு மாதம் குடி, மருந்துக்கடைக்காரி சொல்கிறேன், அம்மா சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே பத்தாம் தேதி மாலைச் செய்தியில் சூரியப் புயல் என்றார்கள், துருவ வானத்தில் பச்சையாக ஆடுகிற வடக்கொளி இத்தனை வருடத்தில் காணாத அளவுக்கு இன்று இரவு தெற்கே எல்லா ஊரிலும் தெரியும், வடக்கே மட்டும் தெரியாது, அங்கே இருட்டே கிடையாதே என்று செய்தி வாசித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் தெரியும். படித்தவள்தான். ஆனாலும் நள்ளிரவு தாண்டி எழுந்து, வானம் கொஞ்சம் இருண்டு காட்டாதா என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகுத்துறையில் போய் நின்றேன். தோர்லைஃப் அந்த நேரத்தில் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். “என்னம்மா எல்லினோர், வெயில் கண்ணு கூசுதா, இல்ல யார் வீட்டயாவது வேவு பாக்குறியா?” என்றார். வடக்கொளி தேடுகிறேன் என்றதும் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தார். “அது லீவு போட்டுட்டு தெக்க போயிருச்சும்மா. நம்ம ஊருப் புள்ளைங்க போற மாதிரிதான்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அங்கிருந்தே உன் அறை ஜன்னல் கண்ணில் பட்டது, திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் உன் அப்பா வீட்டிலிருந்து பெனடிக்தே மூன்று படம் அனுப்பியிருக்கிறாள். “உங்க ஊர் வெளிச்சம் எங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்துச்சு எல்லினோர், நீங்களும் இருந்திருக்கலாம்” என்று எழுதியிருந்தாள். அந்த வரியில் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று நாலு தரம் படித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குக் கீழே உன் செய்தி: “அம்மா, இன்னைக்குத்தான் மொத மொதலா வடக்கொளிய நெஜமா பாத்தேன்.”

முதல் முதலாகவா ரூனா? நீ பிறந்து மூன்றாம் நாள் உன்னைக் கம்பளியில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அது நம் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது குளிர்காலம் அதன் அடியில்தான் வளர்ந்தாய். திரைச்சீலை வழியாகப் பச்சையாக விழுகிறது, தூக்கம் கெடுகிறது என்று என்னிடம் சண்டை போட்டவள் நீ. உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வந்து மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கும்போது அது எப்போது வரும் என்று கேட்கிறார்கள், விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள், வரும், என்று சொல்லி அனுப்புகிறவள் நான். என் மகள் அதை முதல்முறையாகப் பார்க்கக் தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் போய் பெனடிக்தே வீட்டு மாடத்தில் நிற்க வேண்டியிருந்திருக்கிறது.

முதல் இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன், வானத்தைப் பார்க்க அல்ல. உன்மேல் போர்த்தியிருந்தது யாருடைய போர்வை, உன் தோளில் இருந்தது யாருடைய கை என்று பார்த்தேன். மோதிரம் போட்ட கை. பின்னால் தொட்டியில் பூ, மே பத்தாம் தேதி பூ, இங்கே இன்னும் சாலையோரம் அழுக்குப் பனி கிடக்கிறது. பொறாமைதான் ரூனா. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை. உன் அப்பா ஸ்டைனாரை அவள் எடுத்துக்கொண்டாள், அது பழைய கதை, காய்ந்து போயிற்று. நீ படிக்கப் போன ஊரில் அவர்கள் வீடு இருக்கிறது, வாடகை மிச்சம் என்று நான்தான் அங்கே தங்கச் சொன்னேன், ஆக ஒரு வருடத்து ராச்சாப்பாட்டுக்கும் உன்னை நானே கொடுத்தேன். ஆனால் வானத்தையுமா? அது ஒன்றுதானே அந்த ஊரில் கிடைக்காது, அதற்காகவாவது திரும்பி வருவாய் என்று இருந்தேன்.

இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் நீ கேட்டாய், பெனடிக்தே தெரிந்தவர்களின் செடிப் பண்ணையில் கோடை முழுக்க வேலை இருக்கிறதாம், இருந்துவிடட்டுமா அம்மா என்று. “உன் விருப்பம்” என்று பதில் போட்டேன். அந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, நீ ஒரு நொடியில் படித்திருப்பாய். பதினோரு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கொடி நாளன்றுகூட இல்லை. இனி எதற்குமே கேட்காமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்வரைதான் நான் உனக்கு அம்மா, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற ஊர்.

மூன்றாவது படத்தை நேற்றுத்தான் திறந்தேன். அதில் யார் கையும் உன்மேல் இல்லை. நீ தனியாக நின்று, சமையலறைத் துண்டு ஒன்றை, வெள்ளைத் துண்டை, இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருக்கிறாய், வாய் கொள்ளாத சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறது, இல்லாவிட்டால் அந்தத் துண்டை எடுத்திருக்க மாட்டாய். உனக்கு ஆறு வயது, உன் அப்பா நம்மை விட்டுப் போன அந்தக் குளிர்காலம். தெருப் பிள்ளைகள் எல்லாரும் செய்கிறதுதான், வெள்ளைத் துணியை ஆட்டி வடக்கொளியைச் சீண்டுவது, கிட்டே வருகிறதா பார்ப்பது. நீயும் தலையணை உறையை உருவிக்கொண்டு ஓடினாய். நானும் அந்த வயதில் ஆட்டியவள்தான். ஆனால் அன்றைக்கு உன்னை முற்றத்தில் அப்படிப் பார்த்ததும் என்னால் முடியவில்லை, செருப்பில்லாமல் பனியில் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தேன். “உள்ள வா, அது உன்ன எடுத்துட்டுப் போயிரும்” என்றேன். நீ அழவில்லை. அண்ணாந்து பார்த்து, “அப்பாவையும் இதுதான் எடுத்துட்டுப் போச்சா?” என்று கேட்டாய்.

நான் ஆமாம் என்றேன்.

பல்கலைக்கழகத்தில் படித்தவள் ஆமாம் என்றேன் ரூனா. அவர் பெனடிக்தேயிடம் போனார் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை, மேலே பச்சையாக ஒன்று தோதாக நின்றுகொண்டிருந்தது, பழியை அதன்மேல் போட்டேன். நாளை திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வளர்ந்தாய், உண்மை உனக்குத் தானாகத் தெரிந்தது, நான் திருத்தவேயில்லை. அதற்குப் பிறகு பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் நீ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே நடப்பாய். குளிருக்கு என்று நினைத்தேன். இல்லை, குளிருக்கு என்று நினைக்க எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஊராருக்கெல்லாம் பொறுமையாக நில்லுங்கள் என்று சொன்ன நான் உன்னிடம் மட்டும் உள்ளே வா, உள்ளே வா என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆகவே நீ எழுதியது சரி. முதல்முறைதான். பெனடிக்தே உனக்கு அதைக் காட்டவில்லை, நான் போட்ட மறைப்பை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்கு அவள்மேல் எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

செடிப் பண்ணை வேலைக்குப் போ. கழுத்தில் வெயில் படாமல் துணி சுற்றிக்கொள், கையுறை இல்லாமல் மண்ணில் கை வைக்காதே. கோடையில் இங்கே வந்து என்ன பார்க்கப்போகிறாய், இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் என்னைத்தான் பார்க்க வேண்டும். நவம்பரில் வா. குளிர்காலத்துக்கென்று சூரியன் மறைந்து போனபிறகு வா. மாடி விளக்கு, வாசல் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முற்றத்தில் உன் பக்கத்தில் நிற்பேன், எத்தனை நேரமானாலும் உள்ளே வா என்று சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் ஞாபகப்படுத்து. பெனடிக்தேயும் பார்க்க ஆசைப்பட்டால் கூட்டி வா. அவளுக்கு என் பழைய கம்பளிக் காற்சட்டை தருவேன், நான் காட்டுகிற இடத்தில் நிற்கட்டும். ஆனால் துண்டு நம் வீட்டுத் துண்டாக இருக்க வேண்டும். அந்தத் தலையணை உறை இன்னும் இருக்கிறது, ஓரம் பிரிந்திருந்தது, இன்று தைத்துத் தேய்த்து உன் கட்டில்மேல் வைத்திருக்கிறேன்.

நீ எங்கே நின்றாலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், நீ அண்ணாந்து பார்க்கும் வானம் தெளிந்திருக்கட்டும். மீன் எண்ணெயை மறக்காதே. பதில் போடு, இரண்டு சொல் போதும், நான் எழுதிய அந்த இரண்டு மட்டும் வேண்டாம்.

உன்னை நினைத்துக்கொண்டே
அம்மா
எல்லினோர்