புரியலைன்னு சொல்ல வாய் கொடுத்தவளுக்கு

என் பாசத்துக்குரிய பாத்திமா,

உன் மகள் ரிஸ்வானா ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் ஃபெயில். போனில் சொல்லி அழுதாள். "உங்க உம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மேலே பேச முடியாமல் நானே நிறுத்திக்கொண்டேன். அதை உன்னிடம்தானே சொல்ல வேண்டும்? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் காலாண்டு உனக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தவள் நான். மனப்பாடம் செய்தே எடுத்த மார்க் என்று எனக்கே அப்போது தெரியாது. ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தையும் அப்படியே விழுங்கிப் பார்த்தேன். கணக்கைத் திருப்பிக் கேட்ட இடத்திலெல்லாம் முட்டை. அப்பா ஆலங்குளத்தில் உரக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தார். சயின்ஸ் நமக்கு ஒத்து வராது, வேறு குரூப்புக்கு மாற்றிவிடலாம் என்று இயற்பியல் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து நின்றேன்.

பக்கத்தில் நின்ற நீதான் பேசினாய். "மாமா, அரையாண்டு வரைக்கும் விடுங்க. இவளுக்கு மண்டை இல்லாம இல்ல. புரியலைன்னு சொல்லத்தான் வாய் இல்ல."

அப்பா உன்னை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். சரி, அரையாண்டு வரை பார்ப்போம் என்று போய்விட்டார். யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ அப்படி நிற்க உனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

மறுநாள் முதல் கடையநல்லூரிலிருந்து முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்தாய். நான் குத்துக்கல்வலசையிலிருந்து சைக்கிளை மிதித்து வருவேன். மணி அடிக்கும்வரை ஆய்வகத்து வராந்தாவில் உட்காருவோம். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நேற்று நடத்தியதை உனக்கு விளக்கச் சொல்வாய். நான் வரையறையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். "அப்படின்னா என்னட்டி?" என்பாய். அவ்வளவுதான், அதே வரையறையை மறுபடி ஒப்பிப்பேன். வாய்க்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்பதே அந்த வராந்தாவில்தான் விளங்கியது.

எங்கே தடுக்கிறது என்று தேடித் தேடி நீதான் கண்டுபிடித்தாய். விசைகளைப் பிரிக்கும் கணக்கு எதுவும் எனக்கு வராததற்குக் காரணம் இயற்பியல் இல்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலை நான் புரியாமலே தாண்டி வந்திருந்தேன். வெட்கத்தை விட்டு அந்தப் பழைய புத்தகத்தை எடுத்தோம். நீ செய்துகாட்டிய கணக்கைப் பார்த்துத் தலையாட்ட விடமாட்டாய். தாளை மறைத்துவிட்டு நானே முதலிலிருந்து போடவேண்டும். தப்பானால் எந்த வரியில் தப்பானது என்று நானேதான் சொல்லவேண்டும்.

வகுப்பில் கேள்வி கேட்கவைத்ததும் நீதான். நீயே கேட்டிருக்கலாம். என் விலாவில் இடித்து எழுப்பிவிட்டாய். பெஞ்சைப் பிடித்தபடி எழுந்து, பலகைக் கணக்கில் அந்த காஸ் தீட்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். சார் பலகையை அழித்துவிட்டுப் படத்தை மறுபடி வரைந்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, தனக்கும் அதுதான் புரியவில்லை என்றாள். அன்றைக்கு எனக்குப் போன பயம், பாத்திமா, அப்புறம் வரவே இல்லை.

வேதியியல் ஆய்வகத்தில் ஒருநாள் அவசரத்தில் ப்யூரெட்டை அதிகம் திறந்துவிட்டேன். இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து மேசை அளவைப் பார்த்து எழுதிவிடலாம் என்றேன். நீ குடுவையைக் கழுவி என் கையில் கொடுத்தாய். "நமக்கு வந்ததத்தான் எழுதணும். வா, திரும்பப் பண்ணுவோம்."

குற்றாலத்தில் சாரல் நேரத்தில் ஐந்தருவிக்குப் போனபோதும் உனக்கு இதே புத்திதான். எல்லாரும் குளிக்க முண்டியடிக்க, நீ திவலையில் தெரிந்த வானவில்லைப் பார்த்தபடி நின்றாய். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால்தான் தெரிகிறது, திரும்பினால் இல்லையே, ஏன் என்று கேட்டாய். ப்ளஸ் டூவில் ஒளியியல் பாடத்தை நான் பரீட்சைக்காகப் படிக்கவில்லை. நீ கேட்டதற்கு விடை தேடித்தான் படித்தேன். அது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

அரையாண்டில் இயற்பியலில் தட்டுத்தடுமாறிப் பாஸ். அப்பா குரூப் மாற்றும் பேச்சை விட்டார். ப்ளஸ் டூ முழுப்பரீட்சையில் நானே நம்பாத மார்க். லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தேன். இன்றைக்கு நான் சாப்பிடும் சோறு அந்த வராந்தாவில் விளைந்தது.

அந்த வேலையே எனக்கு ஒரு கொடுமையையும் வைத்திருந்தது. விடாத காய்ச்சல் என்று நீ எங்கள் லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே காத்திருந்தாய். மைக்ரோஸ்கோப்பில் உன் ரத்த அணுக்களை முதலில் பார்த்தவள் நான். என் முகத்தை வைத்தே நீ ஏதோ புரிந்துகொண்டாய். டாக்டர் சொல்லுவார் என்றேன். அவர் ரத்தப் புற்று என்று சொன்னதும், உன் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாய். "எனக்குப் புரியல டாக்டர். முதல்லருந்து சொல்லுங்க."

ஒவ்வொரு மருந்தும் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டுத்தான் வைத்தியம் செய்துகொண்டாய். அது உன்னைக் காப்பாற்றவில்லை. ஆனால் ஒருநாளும் எதுவும் தெரியாதவளாகக் கட்டிலில் கிடக்கவில்லை நீ. அதை நினைத்துத்தான் என் மனசு ஆறுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். ரிஸ்வானாவிடம் புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லித்தரச் சொன்னேன். படித்ததெல்லாம் மறந்துபோன எனக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு விளக்கிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "சாச்சி, இங்கனதான் எனக்கு இடிக்குது" என்றாள். மறுநாள் வகுப்பில் எழுந்து அதைக் கேட்டிருக்கிறாள். டீச்சர் சொன்ன பதிலை எனக்குப் போன் போட்டு விளக்கினாள். குரலைக் கேட்டிருக்க வேண்டுமே நீ!

அரையாண்டு இன்னும் வரவில்லை. அவள் பாஸ் ஆவாளோ என்னவோ, தெரியாது. உனக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் கடையநல்லூர் வருவேன். எத்தனை மார்க் என்று ஒருநாளும் முதலில் கேட்க மாட்டேன். இந்த வாரம் என்ன புரியவில்லை என்றுதான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் ரிஸ்வானாவின் சாச்சி,
செல்வி