நூல் இல்லாமல் ஓடிய மெஷின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை, என்று எழுதிவிட்டேன், எழுதிய பிறகு பார்த்தால் நாங்கள் நலம் என்பது பாதிதான் உண்மை. உடம்பளவில் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார், அந்தச் சந்தோஷத்தில் இவர் டீயில் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படி ஏறும்போது கடகடவென்று பேசுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் அப்பாகிட்ட குடு என்பாய், அவர் ஒண்ணும் இல்லம்மா எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வைத்துவிடுவார். நம் மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன், கவனித்தாயோ என்னவோ. அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

போன முறை வந்தபோது அவர்களைப் பார்த்திருக்கிறாய். நர்ஸ் பெண், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் புருஷன், பல் விழுந்த வாயோடு உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த குட்டி. அவர்களுக்குச் சாமி வேறு, கும்பிடுகிற முறை வேறு, அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் ஒரு பேச்சு வந்ததில்லை, வந்த சண்டையெல்லாம் தண்ணீர்க் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதைப் பற்றித்தான். அவர்களுடைய பிரார்த்தனைக் கூடத்துக்கு அனுமதி சரியில்லை என்று பூட்டி சீல் வைத்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அனுமதி கேட்டுப் போனால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள், அது என்றைக்கும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அப்புறம் வீடுகளிலும் கூட்டம் கூட்டமாகக் கூடிக் கும்பிடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் பெண் கீழே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எங்க ஆளுங்க நாலஞ்சு பேர் லீவு நாள்ல மாடிக்கு வரட்டுமாம்மா, சத்தமே வராது, உங்களுக்குச் சங்கடம்னா சொல்லிடுங்க என்றாள். சாமி கும்பிட யாராவது என்கிட்ட வந்து பர்மிஷன் கேப்பாங்களா, போய்க் கும்பிடுங்க என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டேன். அப்பா முகத்தைச் சுளித்தார். ஆனால் மறுநாள் பார்த்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிக் கேட்டின் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார், ஆட்கள் வரும்போது கிறீச்சென்று கத்தக் கூடாதாம். பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஸ்பேனர் பிடித்த மனுஷன், வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லுவார்.

சத்தமே வராது என்றாளே தவிர அவர்கள் கும்பிடுவதே பாட்டுதான். முணுமுணு என்று ஆரம்பிப்பார்கள், போகப் போகத் தங்களை மறந்துவிடுவார்கள். எதிர்வீட்டில்தான் நம் பைனாகுலர் இருக்கிறாரே. ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷனுக்கு பால்கனிதான் ஆபீஸ், தெருவில் யார் வீட்டுக்கு எந்தப் பை வருகிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். முதல் வாரம் பாட்டு கேட்டதும் அவர் பால்கனியைத்தான் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன், பயத்தில் தையல் மெஷின் மோட்டாரை நன்றாக அழுத்திவிட்டேன். மெஷின் போட்ட கூச்சலில் பாட்டு காணாமல் போய்விட்டது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. லீவு நாள் சாயங்காலம் ஜன்னலோரம் நான் மெஷினை ஓட்டினால் அவர்கள் ஆரம்பிப்பார்கள், நான் நிறுத்தினால் அவர்களும் தணித்துவிடுவார்கள், பாபினில் நூல் தீர்ந்து மாற்றுகிற நேரத்தில் மேலே அப்படியே மூச்சுப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். யூனிஃபார்ம் வேலை முடிந்து தைக்க ஒன்றும் இல்லாத வாரங்களில் நூலே கோர்க்காமல் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொடுத்து ஓட்டினேன். அந்த பெட்ஷீட்டை இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. அப்பா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, நூலே இல்லையே, யாருக்குத் தைக்கறே என்று கேட்டார். உங்க தலைக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, அந்த நேரத்துக்கு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் பாட்டு எனக்கு ஒரு வரி புரியாது, அந்தச் சாமியை நான் கும்பிட்டதும் இல்லை, ஆனாலும் காலடியில் மோட்டார் சூடாகிக்கொண்டிருக்க மேலே அவர்கள் பாடிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு நல்ல காரியத்தில் நானும் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

குட்டிக்கு மட்டும் இதைப் பழக்குவதற்குள் நர்ஸ் பெண் பட்ட பாடு. அது பாடினால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். மெஷின் ஓடாத நேரத்தில் பாட்டு வந்தால் உதட்டை மட்டும் அசைக்கணும், சத்தம் வரக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். பிள்ளை கெட்டிக்காரி, பழகிக்கொண்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். உங்க பொண்ணு வாயைத் திறக்கறா, சத்தம் வர்றதில்ல, தொண்டையில ஏதாவது கோளாறான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க என்றாளாம் டீச்சர். காலையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும்போது நம் குட்டி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நர்ஸ் பெண் இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் மெஷின் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். வழக்கம் போல நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மேலே நல்ல உச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பொட்டென்று கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது, ஃபேன் நின்றது, தெருவில் எல்லார் வீட்டு டிவியும் நின்றது. அந்த நிசப்தத்தில் மேலேயிருந்து பாட்டு மட்டும் தெரு முழுக்கக் கேட்கிறது. அந்த உச்சத்தில் கண்ணை மூடிப் பாடுகிறவர்களுக்கு மெஷின் நின்றது எப்படிக் காதில் விழும்? மோட்டார் மாட்டியதிலிருந்து மிதிபலகையின் பெல்ட்டைக் கழற்றிப் பரண் மேல் போட்டிருந்தேன், காலால் மிதித்தால் ஒன்றும் நகராது. (மோட்டார் மாட்டிக் கொடுத்தவள் நான்தானே என்று நீ ஆரம்பிக்காதே, என் முழங்காலுக்காகச் செய்தாய், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே.) எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சட்டென்று தோன்றியது, வாசலில் நின்றுகொண்டிருந்த உன் அப்பாவைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். தொண்டை கிழிய. நீங்கல்லாம் ஒரு மனுஷனா, உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு நான் என்னத்தைக் கண்டேன், இப்படி வாயில் வந்ததையெல்லாம். அவர் திகைத்துப்போய், நான் என்ன பண்ணேன் என்று மெல்லிய குரலில் கேட்கிறார். கத்துங்க, நீங்களும் கத்துங்க என்று கண்ணைக் காட்டுகிறேன், அவருக்கு விளங்கினால்தானே. விளங்கியதும் பாவம், வாழ்நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினார். என்ன கத்தினார் தெரியுமா, சர்க்கரை ஏன் வாங்கி வைக்கல என்று. அதற்குள் மேலே பாட்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன், பால்கனியில் பைனாகுலர் நிற்கிறார். எங்களைப் பார்க்கவில்லை, எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சில நாளில் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், பைனாகுலர் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டார். அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, அதுதான் கொடுமை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர்தான். நானா போய்ச் சொல்லலம்மா, வந்து கேட்டாங்க, கேட்டதை இல்லேன்னு எப்படிச் சொல்றது என்றார். வந்த அதிகாரியும் மரியாதையான பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ண வைங்கம்மா, இல்லேன்னா மாடிக்கு சீல் வைக்க வேண்டியிருக்கும், எனக்கும் வேற வழியில்ல என்றான். லென்ஸ் தேய்க்கிற பையனை தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு சாயங்காலம் நாளைக்கு வா என்று அனுப்பினார்கள். சில நாளில் கடையில் அவன் இடத்தில் வேறு ஒருவன் உட்கார்ந்துவிட்டான். நான் சும்மா இருக்கவில்லை. முழங்காலைத் தேய்த்து விட்டுக்கொண்டு வார்டு மெம்பர் வீட்டுக்குப் போனேன், அவருக்கு மேலே இருப்பவர் வீட்டுக்குப் போனேன், நம் பிரார்த்தனைக் கூடத்துத் தலைவரிடமும் போனேன், நாமாவது அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லலாமே என்று. நீங்க சொல்றது நியாயம்தாம்மா, ஆனா இப்ப நாம வாயத் திறந்தா நாளைக்கு நம்ம பக்கம் திரும்புவாங்க என்றார். எல்லார் வீட்டிலும் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். என் ஆயுசில் அவ்வளவு டீ நான் குடித்ததில்லை. ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள், எல்லாரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

சீல் வெச்சா வெச்சுக்கட்டும், நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன் என்று ஒரு நாள் அப்பாவிடம் உரக்கவே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, அவருக்கும் அதே எண்ணம்தான். அது மேலே கேட்டுவிட்டது போலிருக்கிறது, நர்ஸ் பெண் இறங்கி வந்தாள். உங்க வீட்டையும் பூட்டிட்டா எங்களுக்கு என்னம்மா லாபம், நாங்க போறோம், நீங்க எங்களுக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இனிமேல் பார்க்க ஒன்றும் இல்லை என்று நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் சொன்னாள். என் கையிலிருந்த ஒரே ஒரு பிடிவாதத்தையும் அப்படி மெதுவாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்றைக்குக் காலையில் அப்பாவுக்கு பிரஷர் பார்க்கிற கருவியை எப்படிக் கட்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், இனிமே நீங்களேதான் பாத்துக்கணும் என்று. எந்த ஊருக்கு என்று கேட்டேன். தெரிஞ்சவங்க வீட்ல கொஞ்ச நாள், அப்புறம் பாக்கணும் என்றாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நினைத்தாளோ, அவளுக்கே தெரியவில்லையோ. மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பைனாகுலர் வந்து, இந்தத் தடவை நம்ம ஆளுங்களா பாத்து விடுங்கம்மா, தொந்தரவு இருக்காது என்றார். அப்பா அவர் கண் முன்னாலேயே எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், உங்கள் ஊரில் நம் ஆட்கள் கொஞ்சப் பேர்தான், லீவு நாளில் யாரோ ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடிக் கும்பிடுகிறோம், எவனோ கதவில் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான், பெயின்ட் அடித்து மறைத்துவிட்டோம் என்று. நானும் சரி சரி என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்டேன். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. இப்போது துணியை வெட்டும்போதும் சமைக்கும்போதும் அந்தக் கதவுதான் கண்முன் நிற்கிறது. கும்பிடப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாக்கிரதையாக இரு என்று எழுதலாம், ஜாக்கிரதையாக இருந்தவர்களைத்தான் பார்த்தேனே. அந்த நர்ஸ் பெண்ணுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள்தானே. மகள் நல்ல வீட்டில் இருக்கிறாள், கீழே ஒரு பெரிய மனுஷி இருக்கிறாள் என்று என்னை நம்பித்தான் அவளும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

நீயும் மாப்பிள்ளையும் மனசும் உடம்பும் வாடாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், நம் சாமியும் காக்கட்டும், அந்த ஊர்ச் சாமியும் காக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காமல் எழுது, அந்தக் கார் ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் வயதில் ஒரு அம்மா இருந்தால் அவளிடம் போய்ப் பழகு, ஏதாவது வாங்கிக்கொண்டு போ, என்னைப் பற்றிச் சொல். என் வீட்டு மாடியில் இருந்த பெண்ணை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல். அப்படிப்பட்டவள் என் பெண்ணைப் பார்த்துக்கொள் என்று இன்னொருத்தியை எந்த முகத்தோடு கேட்பாள்? ஆனாலும் கேட்கிறேன் என்று சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா