பென்சிலில் எழுதிய இரண்டு வரி

3-3-1987
வேங்கிக்கால் கம்பெனியில் இன்று முழுக்க பஸ் டிரைவர் சோதனை. "எம்பொண்ணு பஸ் டிரைவருக்கு டெஸ்ட் வெக்கிறா"ன்னு அம்மா தெருவெல்லாம் சொல்லியாச்சு. எதிர்வீட்டு வேடியப்பன் அண்ணன் லைசென்ஸோடு வந்து நிற்கிறார், வேலை வேணுமாம். கம்ப்யூட்டருக்குள் எழுத்துகள் போகிற பாதைக்கு பஸ் என்று பேர், அதை ஓட்டுகிற புரோகிராம்தான் டிரைவர் என்று யாரிடம் போய்ச் சொல்ல? அந்த டிரைவரை எழுதியவன் ராஜேந்திரன். பாலிடெக்னிக்கிலிருந்தே சிநேகிதன்.

9-3
பிடித்துவிட்டேன்! இரண்டு எழுத்து, எட்டு, அறுபத்துநாலு, எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஒற்றைப்படை இடத்தில் தொடங்கி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அனுப்பினால் மட்டும் கடைசி எழுத்து காணோம். நாற்பது தரம் பார்த்தேன். நாற்பது தரமும் காணோம்.

10-3
சொன்னதும் ராஜேந்திரன் முகம் செத்துப்போச்சு. "மொதலாளி பாத்தா என் வேலை போயிடும் ஆதி. ரிப்போர்ட்டுல இந்தத் தப்பச் சொல்ற ரெண்டு வரிய மட்டும் பென்சில்ல எழுது. நான் சரி பண்ணதும் பேனாவுல எழுதிக்கலாம்." பாவமாக இருந்தது. எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். பேனாவில்.

17-3
சரி பண்ணிட்டியா என்று ராஜேந்திரனைக் கேட்டேன். பண்றேன் என்றான்.

2-4
கீழ்பென்னாத்தூர் மண்டியில் நம் மெஷின் அடிக்கிற லிஸ்டில் சில பெயர்கள் கடைசி எழுத்து போய் வாலில்லாமல் வருதாம். முதலாளி கோதண்டராமன் என் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டார். அந்த இரண்டு வரியிலும் 'சரி' என்று பேனாவில் இருக்கிறது. என் எழுத்து இல்லை. பென்சிலில் எழுதினேன் சார் என்றேன். "பென்சிலா? எங்கம்மா?" என்றார்.
ராஜேந்திரன் தலை தூக்கவில்லை. "டெஸ்ட் அவங்க பொறுப்பு சார்."
அவங்க! ஆறு வருஷமா ஆதி, இன்னிக்கு அவங்க.

3-4
வேலை போச்சு. ரப்பர் வெச்சு அழிச்சிருக்கான். பென்சில்னு சொன்னப்பவே புரிஞ்சிருக்க வேணாமா எனக்கு? என் டிபன் பாக்ஸ்ல பாதி சாப்பிட்டவன்டா நீ. பாவி — எப்படி மனசு வந்துச்சு?

8-4
அம்மா தெருப் பக்கமே போவதில்லை. வேடியப்பன் அண்ணனும் வருவதில்லை.

13-4
தபாலில் எனக்கு, வேலை பார்த்ததற்கு சர்டிபிகேட். கம்பெனி மெஷினிலேயே அடித்தது. "டிரைவர் சரி பண்ணியாச்சு"ன்னு முதலாளியிடம் சத்தியம் பண்ணினானாம் ராஜேந்திரன். அவன்தான் கீழே கையெழுத்து போட்டிருக்கிறான்.
இங்கிலீஷில் என் பேருக்குப் பதினோரு எழுத்து. விரல் வைத்து எண்ணினேன். பத்துதான், கடைசி எழுத்து காணோம்.
கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமி கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வேங்கிக்காலுக்கு நடந்தே போய் முதலாளி மேஜையில் காகிதத்தை வைத்தேன். அவரும் விரல் வைத்து எண்ணினார். ராஜேந்திரனைக் கூப்பிட்டு அவனிடம் நீட்டினார்.
"நீயே எண்ணு."
அவன் எண்ணவில்லை.