ஒற்றைக் கண்ணில் ஏறும் சதை

அன்புள்ள காக்கா, என் உடன்பிறந்த மூத்தவரே, படைத்தவன் உங்கள் கபுறுக் குழியை விசாலமாக்கி வைத்திருக்கட்டும்.

ஒழுங்கில்லாமல் எழுதினால் இடையில் அழுதுவிடுவேன். அதனால் முதலில் தலைப்புகள்:

1. என் கண்ணில் வளர்வது என்ன.
2. அதற்கு என்ன செய்யப் போகிறார்கள்.
3. இதே சதை உங்களுக்கு வளர்ந்தபோது, நீங்கள் பயந்து வெட்டாமல் விட்டது.

சீனி வருத்தத்தில், இந்த நீரிழிவில், என் இடது கண் போய்விட்டது. அது நீங்கள் மௌத்தான பிறகு நடந்தது. மிஞ்சிய வலது கண்ணில், மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து சிவந்த சதை ஒன்று முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறி வருகிறது. நீங்கள் சாய்ந்தமருதுக் கரையில் ஆயுள் முழுக்கக் கரைவலை இழுத்தீர்கள். நான் சைக்கிளில் போய்வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். வெயிலும் காற்றும் மணலும் இரண்டு பேரையும் விடவில்லை.

குர்ஆனில் எழுத்துகள் கலங்கிக் கோணலாகத் தெரிகின்றன. பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறேன். இந்தக் கண்ணும் போனால் நான் என்ன செய்வேன், காக்கா? யாரிடம் போய்க் கேட்பேன்?

டாக்டரிடம் பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். இளம் பெண், பொறுமைசாலி.

"சேர், சோதிச்சுப் பாத்திட்டம், இது புற்றுநோய் இல்ல. ஆனா கண்மணிக்குக் கிட்ட வந்திட்டு. இனியும் விடக்கூடாது."

"சொட்டு மருந்தால கரையாதா மகள்?"

"சிவப்பும் உறுத்தலும் குறையும். சதை கரையாது. அத உரிச்செடுத்திட்டு, மேல் இமைக்குக் கீழ கண்ணை மூடியிருக்கிற மெல்லிய தோல்ல கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில வைப்பம். அப்பதான் திரும்ப வளர்றது குறையும்."

"திரும்ப வளராதெண்டு எழுதித் தருவீங்களா?"

"இது பரீட்சை இல்ல சேர்," என்று சிரித்தார். "வளரலாம். வெயிலுக்கக் கறுப்புக் கண்ணாடி போடாமத் திரிஞ்சா இன்னும் சுறுக்கா வளரும்."

சதையை எடுக்கத் தந்த நாளில் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். வயிற்றுவலி என்று பொய் சொல்லி ஆட்டோவைத் திருப்பினேன்.

கேள்விப்பட்டு நேற்று மதினி வந்தார். உங்கள் மனைவி கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. "காக்காவும் பயந்துதானே விட்டவர்," என்று சமாளித்தேன்.

"ஆரு பயந்த? அல்லாஹ்வுக்காகப் பொய் கதைக்காதீங்க மாஸ்டர். அவர் சுபஹு தொழுதிட்டு, பெருநாளைக்குத் தைச்ச சேட்டையும் போட்டுக்கிட்டு, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வருவீங்கெண்டு வாசல்ல இரிந்தவர். நீங்கதான் கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியும், நோன்பு முடியட்டும் எண்டு ஆளனுப்பின."

"மார்க்கத்த நினைச்சுத்தான் மதினி..."

"முறியாதெண்டு மௌலவி சொன்னது உங்கட காதிலயும்தான் விழுந்த. பெருநாள் முடிஞ்சாவது வந்தீங்களா? ஹஜ்ஜுப் பெருநாளும் போகட்டும் எண்டீங்க. மனிசன் கண்ணு தெரியாமக் கையால தடவித் தடவிக் கிழிஞ்ச வலை பொத்தினார். பிறகு நெஞ்சடைப்பு வந்து போயிட்டார்."

மதினி போக எழும்பியவர் திரும்பி, "புதன்கிழமைக்குத் திரும்ப நாள் தந்திரிக்காங்க. நானும் உங்கட மகளும் வாறம். வயிறு வலிச்சாலும் உள்ளதான்," என்றார்.

காக்கா, உங்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பதை நினைத்தாலே எனக்குத்தான் பயம் வரும். ஏதாவது பிழையாகிப்போனால் கூட்டிவந்தவன் நான்தானே? அந்தப் பயத்தை மறைக்க நோன்பைத் துணைக்குப் பிடித்தேன். மௌலவி சொன்னதை அறிந்தே பிடித்தேன். பிறகு, நீங்கள்தான் பயந்தீர்கள் என்று உங்கள் ஜனாஸா எடுத்த அன்று வந்தவர்களிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். மன்னிப்பீர்களா? இதை எந்தத் தலைப்பின் கீழ் கேட்பது?

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பார்வை தேறுமா, சதை திரும்ப வருமா, எதற்கும் உறுதி இல்லை. ஆனாலும் புதன்கிழமை அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. நீங்கள் பயப்படவில்லை, காக்கா. பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தீர்கள். வராமல் இருந்தவன் நான்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி