கேடயக்காரிக்கு இனி வேலையில்லையாம்

என் அன்பு அக்கா,

இன்று காலை பல்கூடத் துலக்காமல், முதல் காரியமாக ஃபோனில் அந்த அறிவிப்பைத்தான் படித்தேன். பால் பாக்கெட் வாசல் கதவில் மாட்டிய பையிலேயே கிடந்தது. நம் விளையாட்டில் சீசன் நடுவில் மறுபடியும் கை வைத்துவிட்டார்கள்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பாய். "பாத்தியா கண்ணு, இவனுக பண்ணிப்போட்ட வேலைய" என்று ஆரம்பித்து, நான் காபி குடித்து முடிக்கும்வரை திட்டியிருப்பாய். நடுநடுவே 'ம்' கொட்டுவதுதான் என் பங்கு. இன்று அடுப்படியில் நின்றபடி இரண்டு முறை 'ம்' என்று சொல்லிப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கோயம்புத்தூரில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரும் புனேயில் ஒரு வங்கி அதிகாரியும், நாற்பது வயதுக்கு மேல், இணையத்தில் வாளும் மந்திரமும் உள்ள ஒரு விளையாட்டில் காடு மலையெல்லாம் சுற்றினார்கள் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். உன் மகன் ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் நீ தொடங்கினாய். "ஃபோன்ல பேசுனா என்ன சமைச்ச, என்ன சமைச்சன்னே முடிஞ்சு போகுது. இங்க வா, ஏதாச்சும் செஞ்சுக்கிட்டே பேசலாம்" என்று என்னையும் இழுத்தாய்.

நீ கேடயக்காரி. பேரே பாறையம்மா. முன்னால் போய் அடியை வாங்குகிறவள். நான் வைத்தியக்காரி. பின்னால் நின்று உன் காயத்தை ஆற்றுகிறவள். எனக்கு யாரையும் அடிக்கத் தெரியாது, என்னையே ஆற்றிக்கொள்ளவும் முடியாது. விளையாட்டின் விதியே அப்படி. ஒவ்வொரு திருப்பத்திலும் காதில் உன் குரல் வரும்: "இரு இரு, நா மொதல்ல போறேன். அடிச்சா என்னைய அடிக்கட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "ம், வா."

சீசன் என்றால் சில மாதங்கள். தொடக்கத்தில் சொன்ன விதியை நம்பித்தான் ஒவ்வொருவரும் தங்கள் ஆளை எப்படி வளர்ப்பது என்று முடிவு செய்கிறோம். பாதியில் யாருடைய பலத்தையோ குறைத்து, யாருடையதையோ கூட்டினால், அத்தனை நாள் உழைப்பும் என்ன ஆவது? "பாதி பரீட்சைல கேள்வித்தாளப் புடுங்கிட்டு வேற ஒண்ணக் குடுப்பாங்களா? நா அப்புடிக் குடுத்தா பெத்தவங்க உடுவாங்களா?" என்று நீ ஒரு முறை அந்தக் கம்பெனிக்கே எழுதிப் போட்டாய். உன் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதற்கும் ஒரு வாரம் திட்டினாய்.

இந்த முறை அவர்கள் செய்திருப்பது என்ன தெரியுமா? கேடயக்காரர்களின் பலத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். வைத்தியக்காரர்கள் இனித் தங்களையே ஆற்றிக்கொள்ளலாம், நன்றாக அடிக்கவும் செய்யலாம். தனியாகவே போகலாம்.

பதினோராம் வகுப்புக்குப் போகும் உன் செல்லம், என் மகள், டியூஷனுக்குக் கிளம்பும்போது என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உன் ஹீலரை ஸ்ட்ராங் பண்ணிட்டாங்க. சோலோ போலாம். குட் தானே?"

"ஆமா."

"அப்போ ஏன் மூஞ்சி இப்படி?"

"தூக்கம் சரியில்ல."

"பெரியம்மா இருந்தா இன்னிக்கு சர்வரே வெடிச்சிருக்கும்" என்றாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என் தலையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

நம் குழுவின் அரட்டையில் கொந்தளிப்பு. ஒருவன் விளையாட்டையே விடுகிறேன் என்கிறான். இன்னொருவன் போன மாதம்தான் கேடயக்காரனை உச்சத்துக்குக் கொண்டுவந்தானாம், இனி அவனைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்கிறான். எனக்கு மட்டும் வாழ்த்து. 'தீதி, உங்களுக்கு லாட்டரி.' நானும் ஒரு கும்பிடு போடும் படத்தை அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது?

இவர் டூரில் இருக்கிறார். வங்கிக்கு இரண்டாம் சனி விடுமுறை. புனேயின் ஒரு மூலையில், ஔந்தில் இருக்கும் இந்த ஃபிளாட்டில் பகல் முழுக்க நான் மட்டும்தான். உனக்குத் தெரியும், எனக்கு இங்கே பேச ஆளில்லாமல் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற மாவ்ஷியிடம் மராத்தி, வங்கியில் இந்தியும் ஆங்கிலமும், மகளிடம் அவளுக்குப் புரிகிற அளவுக்குத் தமிழ். ஆனால் யோசிக்காமல் வாய்க்கு வந்ததைப் பேசியது உன்னிடம் மட்டும்தான். நீ போன பிறகு என் குரல் மெலிந்துவிட்டது போல இருக்கிறது.

மதியம் அந்தப் பனிக்குகைக்குத் தனியாகப் போனேன். நாம் இரண்டு பேருமாக எத்தனை முறை செத்திருப்போம் அங்கே! இன்று ஒன்றுமே இல்லை. எதிரிகள் அடித்தார்கள், ஆற்றிக்கொண்டேன். திருப்பி அடித்தேன், விழுந்தார்கள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் என் விரல் தானாக நின்றுவிட்டது, அக்கா. நின்று, ஹெட்ஃபோனில் ஒன்றுமில்லாததைக் கேட்டுவிட்டு, பிறகு நடந்தேன். கடைசியில் பெட்டியைத் திறந்தால் ஒரு ஜோடி கையுறை. 'இதுக்கா இத்தன பாடு' என்று நீ சொல்லியிருப்பாய். பாடே படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் மேஜர் கூப்பிட்டார். இதே புனேயில், வானவடியில் இருக்கும் நம் குழுத் தலைவர்தான். ராணுவ அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதருக்கு நீ கொடுத்த பதவி உயர்வு இன்னும் செல்லுபடியாகிறது. இந்தியில்தான் பேசுவார், ஆனால் சண்டையில் இப்போதும் 'இரு இரு' என்றுதான் கத்துகிறார். நீ பழக்கியது.

"தீதி, ஒரு விஷயம். நம்ம ஆறு பேர் பட்டியல்ல உங்க அக்கா பேர் அப்படியே இருக்கு. ஒவ்வொரு வாரமும் யாரையாவது கடன் வாங்கிச் சமாளிச்சோம். இப்ப கேடயமே தேவையில்லைன்னு ஆயிடுச்சு. அடிக்கிற ஆள் ஒருத்தனைச் சேர்க்கணும்னு பசங்க கேக்கறாங்க. எனக்கு அந்தப் பேரை எடுக்கக் கை வரல. நீங்கதான் சொல்லணும்."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேண்டாம்னா இருக்கட்டும். அஞ்சு பேராவே தோத்துட்டுப் போவோம். தோக்கறது நமக்கென்ன புதுசா?"

சிரித்தேன். நாளை சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு பால்கனியில் நெடுநேரம் நின்றேன். கீழே ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நாளாக நீ இல்லாததால்தான் நான் விளையாட்டுக்குள் எங்கும் போகாமல், எல்லோரும் கிளம்புகிற நகரச் சதுக்கத்திலேயே நிற்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விதியே அப்படி, வைத்தியக்காரி தனியாகப் போக முடியாது என்று. இப்போது அந்தச் சாக்கையும் பிடுங்கிவிட்டார்கள். இனி யாருக்கும் யாரும் வேண்டாம். எல்லோரும் அவரவர் குகைக்குப் போய், அவரவர் பெட்டியைத் திறந்துகொள்ளலாம்.

கேடயக்காரியைத் தவிர. அடிக்கவும் வலுவில்லை, இப்போது தாங்கவும் பாதி பலம்தான். பின்னால் ஒருவர் நிற்காவிட்டால் அவள் ஓர் அடி வைக்க முடியாது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, மேஜரிடமும் மகளிடமும்கூட. உன் பேரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். அந்த இடத்துக்கு நானே வருகிறேன். இத்தனை வருடம் வளர்த்த வைத்தியக்காரியை விட்டுவிட்டு, புதிதாக ஒரு கேடயக்காரியை முதல் படியிலிருந்து தொடங்கப் போகிறேன். பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நிறைய சாவேன். முன்னால் நிற்கிறவள் சும்மா இருக்க முடியாது, நான்தான் குரல் கொடுத்தாக வேண்டும். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனால் கூப்பிடுவேன், அக்கா. பின்னால் யார் வந்தாலும், வந்துவிட்டார்களா என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
மஞ்சு
ஔந்த், புனே