குடை மேஜைமேல் இருக்கிறது

என்னங்க,

கோல்ஃப் ஆடக் கிளம்பிவிட்டேன், நடந்தேதான். நேற்று "இந்த வயசுல மட்டைப் பையைத் தூக்கிட்டு நடப்பியா? மைதானத்தை வண்டியில சுத்து!" என்று கத்தினீர்கள். "பை கனமே இல்லைங்க!" என்று நானும் கத்தினேன்.

காலையில் தூக்கினால் தோளே கழன்றுவிட்டது. திறந்து பார்த்தால் குடை, பிளாஸ்க், ஸ்வெட்டர், தைலம்! நான் தூங்கியதும் உள்ளே வைத்தது யாராம்? என்னைத் தோற்கடிக்கவா, நனையாமல் காக்கவா? எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டேன். மட்டைகளிலும் பாதி போதும்.

சாப்பாடு அடுப்புமேல். சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

பி.கு.: தைலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று: வானம் இருட்டுகிறது. சாவி ஆணியில் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுக் குடையோடு மைதானத்துக்கு வாருங்கள், நடந்தேதான்.