நீலத் துணி கட்டிய முளை

அன்புள்ள அம்மாவுக்கு சோலோங்கோ வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் கொழுத்திருக்கின்றனவா? நான் சுகம்.

புதிய மின்பாதைக்கு ஆதரவு கேட்டு நேற்று எங்கள் நில அளவைக் குழு இந்த ஊர் மன்றத்துக்குப் போனோம். தலைவர் தம்தின் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். கணவாயில் மின்கோபுரம் வரும் இடத்தில் முளை அடித்தபோது, அடையாளத்துக்குக் கட்டும் சிவப்புத் துணி தீர்ந்துபோய், சாமிக்குக் கட்டுகிற நீலத் துணியைக் கட்டிவிட்டேன். அதைப் பார்த்து மலைச்சாமி இடமென்று நினைத்து, போகிறவர் வருகிறவரெல்லாம் கல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் இடுப்புயரக் கல்மேடு.

“கரண்ட் வேணும்தான். அதுக்காக சாமியத் தோண்டுவீங்களா?”

“அது சாமி இல்லைங்க, நான் அடிச்ச முளை.”

“நீ அடிச்சப்போ முளைதாம்மா. இப்போ இல்ல. கோபுரத்த நாப்பது அடி தள்ளி வை, கை தூக்குறோம்.”

எங்கள் பொறியாளர் சரியென்று தலையாட்டினார். அத்தனை கைகளும் உயர்ந்தன.

நீங்கள் தைத்து மிஞ்சிய சிவப்புத் துண்டுகளை அனுப்புங்கள். உங்கள் கையால் காயவைத்த தயிர்க்கட்டியும் கொஞ்சம் வையுங்கள். இங்கே கிடைப்பது வாய்க்குப் பிடிக்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. அது முளைதான் என்று எனக்குத் தெரியும், அம்மா. ஆனாலும் தினமும் மூன்று சுற்றுச் சுற்றி, பனிக்கு முன் வீடு சேரவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.